பஸ்ஸில் ஏறாவிட்டாலும் மாதாமாதம் காசு போகுமா?

"கிளவுட் ரிக்கெட் வந்தால் பஸ்ஸில் ஏறாதவர்களிடமும் மாதச் சந்தா வெட்டுவார்கள்; சிக்னல் இல்லாத இடத்தில் அட்டை வேலை செய்யாமல் இறக்கிவிடுவார்கள்." யாழ்ப்பாணத்து வைபர் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலின் இரண்டு பகுதியும் பிழை. கிளவுட் ரிக்கெட் என்பது அட்டையையோ போனையோ கொண்டு பஸ்ஸில் ஏற, அதன் கணக்கை இணையம் வழியாக வேறிடத்துக் கணினிகள் பார்க்கும் முறை.

குழப்பத்துக்குக் காரணம் சந்தா என்ற சொல். அதைக் கட்டுவது பயணி அல்ல, பஸ் நடத்தும் நிறுவனம். முன்பெல்லாம் இந்த ரிக்கெட் கணக்குக்கு அந்த நிறுவனமே சேர்வர் வாங்கி, மென்பொருள் செய்வித்து, ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும். இப்போது அந்த வேலையை இன்னொரு நிறுவனம் இணையம் வழியாகப் பார்க்கிறது, அதற்குத்தான் சந்தா. சொந்தமாக வான் வாங்காமல் ஹயருக்குப் பிடிப்பது போல. பயணி கொடுப்பது பயணக் கட்டணம் மட்டும். மாதச் சீசன் வேண்டுமென்றால் எடுக்கலாம், அது அவரவர் விருப்பம்.

சரி, சிக்னல்? அட்டை படும் கருவி தடைசெய்த அட்டைகளின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும். தொட்டவுடன் பதிந்துகொள்ளும், இணைப்புக் கிடைத்ததும் அனுப்பும். லண்டன் பஸ்களில் 2012 டிசம்பரிலிருந்து வங்கி அட்டையைத் தொட்டு ஏறுகிறார்கள். அங்கே நாளின் பயணங்களைக் கூட்டி, ஒரு நாளுக்கான கட்டண உச்சவரம்பு தாண்டாமல் பார்த்து, அப்புறம்தான் காசு எடுக்கிறார்கள். பருத்தித்துறை பஸ்ஸில் மிச்சக் காசுக்காகக் கொண்டக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: ரிக்கெட் போனில் இருந்தால், சார்ஜ் இறங்கிய பிறகு அதைக் காட்ட வழியில்லை.