சத்தம் போடாத படப் புத்தகங்கள்

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தபடி ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கதை ஓரளவு பிடிபடுகிறதா, இரண்டாம் தடவை புரட்டும்போது முதலில் கண்ணில் படாத ஏதாவது படுகிறதா, அப்படியானால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். அமுக்கினால் பாட்டு, கண்ணைக் கூச வைக்கும் நிறம், கடைசிப் பக்கத்தில் ஒரு நீதி என்று வருகிற புத்தகங்கள் எங்கள் வீட்டிலும் நிறைய இருந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு மகள் அவற்றைத் தொடவே இல்லை.

அவளுக்கு இரண்டரை வயதில் 'குட்நைட் மூன்' வாசிக்க ஆரம்பித்தோம். 1947இல் வந்த புத்தகம், மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளமென்ட் ஹர்ட் வரைந்தது. கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஒரு முயல்குட்டி தூங்கப்போகும் முன் அறையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் குட்நைட் சொல்கிறது, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து தடவை வாசித்தும் நான் கவனிக்காததை அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். அந்தப் பச்சை அறை வண்ணத்தில் வரும்போதெல்லாம் ஒரு சின்ன எலி இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது! அது எங்கே போகிறது என்று எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் நானும் உற்றுப் பார்த்தேன். பக்கம் போகப் போக அறை இருட்டிக்கொண்டே வருகிறது, ஜன்னலில் நிலா மேலே ஏறுகிறது, கடிகாரம் ஏழு மணியிலிருந்து எட்டு பத்துக்கு நகர்கிறது. இரவு வருவதை அந்தப் படங்கள் எவ்வளவு பொறுமையாகச் சொல்கின்றன!

மென்மையான புத்தகம் என்றால் வருத்தமே வராத புத்தகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962இல் வந்தது, மறு வருடம் கால்டிகாட் பதக்கம் (சிறந்த படப் புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் வருடாவருடம் கொடுப்பது) வாங்கியது. பீட்டர் என்ற சிறுவன் நாள் முழுக்கப் பனியில் விளையாடிவிட்டு ஒரு பனி உருண்டையை நாளைக்கு வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போகிறான். தூங்கப்போகும் முன் பையைத் தடவினால் காலி. அந்தப் பக்கத்தில் என் மகள் எதுவும் பேசவில்லை, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். நானும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, அவளே பக்கத்தைத் திருப்பினாள். படங்களோ வெட்டி ஒட்டிய காகிதமும் துணியும், அழிரப்பரில் செதுக்கி அச்சு வைத்த பனித்துகள்களும், பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்த மையுமாக இருக்கின்றன. கையால் செய்தது தெரிகிறது, குழந்தையும் அதையே செய்து பார்க்க ஆசைப்படுகிறது.

'எ சிக் டே ஃபார் ஏமோஸ் மெக்கீ'யையும் கட்டாயம் பாருங்கள். பிலிப் ஸ்டெட் எழுதி எரின் ஸ்டெட் வரைந்தது, 2010. மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கும் பெரியவருக்கு ஜலதோஷம், அவர் தினமும் நேரம் ஒதுக்கிக் கவனித்துக்கொண்ட யானையும் ஆமையும் பென்குயினும் மற்றவையும் பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மரக்கட்டை அச்சும் பென்சில் கோடும், அடங்கின நிறங்கள். கத்தி வாசிக்கவே மனசு வராது.

ஆங்கிலப் புத்தகமாச்சே என்று தயங்க வேண்டாம், படத்தைக் காட்டி நம் தமிழில் நம் வார்த்தையில் சொன்னால் போதும். ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978) இதற்கு இன்னும் வசதி, கலர் பென்சிலில் வரைந்த கதை, உள்ளே எழுத்தே இல்லை. முடிவில் பனிமனிதன் உருகிவிடுகிறான், அதனால் கடைசிப் பக்கத்தை நீங்கள் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தி "இது என்ன கலர்? எத்தனை பறவை? கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று பரீட்சை வைக்காதீர்கள். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான், எழுத்தை மட்டும் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தை ஒரே பக்கத்தில் மூன்று நிமிடம் நின்றால் நீங்களும் நில்லுங்கள், அங்கே ஒரு எலி இருக்கலாம்.

எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் உங்களுக்கு வேறு தெரிந்தால் சொல்லுங்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்.