நிப்பா விஷயத்தில் தோற்றது ஊகம், அறிவியல் முறை அல்ல

அண்ணா, மலேசியாவில் 1998-99இல் பரவிய நிப்பா வைரஸ் நோயைப் பற்றி, "முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள், 1999இல் நிப்பா என்று மாற்றினார்கள், ஆக அறிவியல் முறை என்பது வெறும் ஊகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை இது தலைகீழாக்குகிறது.

முதல் ஊகத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பன்றிகளிடமிருந்து கொசு வழியாக மனிதர்களுக்குப் பரவும் நோய். இந்த நோயும் பன்றிப் பண்ணைகளைச் சுற்றியே பரவியது; சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த ஊகம் சரியென்றால் குழந்தைகள் அல்லவா அதிகம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்? படுத்தவர்களோ பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் இருமிச் செத்தன. இந்த முரண்களை ஒதுக்கிவிடாமல் துருவியதால்தான், 1999 மார்ச்சில் நம் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் புதிய வைரஸ் பிடிபட்டது. சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடம் கிடைத்ததால் அந்தப் பெயர். அதன்பின் கொசுவை விட்டு, பன்றிகளை அழிப்பதில் முழுக் கவனம் போனது, பரவல் நின்றது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாமதத்தைக் கண்டியுங்கள், நானும் உங்களோடு நிற்பேன்.

இன்னொருவர், சோதனையில் பொய்யாகும் கருதுகோளைக் கைவிட வேண்டும் என்ற தத்துவவாதி கார்ல் பாப்பரைச் சொல்லி, முதல் முரணிலேயே ஊகத்தைக் கைவிட்டிருக்க வேண்டும் என்கிறார். அதுவும் அவ்வளவு எளிதல்ல. தடுப்பூசி போட்டவர் நோயுற்றால், ஊகம் தவறா, தடுப்பூசி வேலை செய்ய நாள் போதவில்லையா? எந்தச் சோதனையும் ஒரு கருதுகோளைத் தனியாகச் சோதிப்பதில்லை, துணை அனுமானங்களோடு சேர்த்தே சோதிக்கிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயெம் 1906இலேயே வாதிட்டார். இங்கே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்ததுதான்.