சரிபார்ப்பை அணைக்கச் சொல்லாதீர்கள்

"பிரவுசர்ல நல்லா திறக்குது சார், கோளாறு உங்க பக்கம்தான்." ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ஒரு சேவையின் உதவி மையத்திடமிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பராமரிக்கிறேன். பணம் வந்துவிட்டதா என்று அது அந்தச் சேவையின் சர்வரிடம் கேட்டு உறுதி செய்யும். அந்தச் சேவைக்காரர்கள் சர்வர் சான்றிதழை, அதாவது 'நான்தான் அந்த சர்வர்' என்று நிரூபிக்கும் டிஜிட்டல் அடையாள அட்டையை, புதுப்பித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பார்சல் கட்டுகிற நேரத்தில் கடை கடையாக பில்லிங் நின்றது. திரையில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்', அதாவது சான்றிதழை நம்பகமான மூலம் வரை தொடர முடியவில்லை. "ஏன் தம்பி, பணம் ஏறிடுச்சுன்னு போன்ல மெசேஜ் வந்துருச்சு, உங்க சாஃப்ட்வேர் மட்டும் இல்லைங்குதே?" என்று கடைக்காரர் கேட்கிறார். அவரிடம் நான் எந்தச் சான்றிதழைப் பற்றி விளக்குவது?

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. சர்வர் தன் சான்றிதழோடு, அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு ஒன்று கையெழுத்திடும் இந்தச் சங்கிலியின் உச்சியில் உள்ள ரூட் சான்றிதழ் மட்டும்தான் நம் கணினியில் ஏற்கெனவே இருக்கும். 2008-இல் வந்த டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்புக்கான விதியிலேயே இது இருக்கிறது. இவர்கள் இடைநிலையை விட்டுவிட்டார்கள். குரோம் அதைத் தானே தேடி இறக்கிக்கொள்ளும். எங்கள் மென்பொருள் ஓடும் ஜாவா அப்படிச் செய்யாது, நாமாக அந்த வசதியைத் திறந்துவிட்டால் ஒழிய. அதனால் பிரவுசரில் திறப்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் ஒரு வரிக் கட்டளை போட்டால் சர்வர் எதை அனுப்புகிறது, எதை அனுப்பவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்த வெளியீட்டை அப்படியே எடுத்து அனுப்பினேன். திறந்து பார்த்த மாதிரியே தெரியவில்லை.

அப்புறம் வந்ததே ஒரு யோசனை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சர்டிபிகேட் செக்கை ஆஃப் பண்ணிடுங்க சார், வேலை செய்யும்." பணம் வந்ததா என்று கேட்கிற இணைப்பு ஐயா இது! சரிபார்ப்பை அணைத்துவிட்டால் நடுவில் எவன் உட்கார்ந்துகொண்டு 'வந்துவிட்டது' என்று சொன்னாலும் மென்பொருள் நம்பும். சரக்கு கடையை விட்டுப் போய்விடும். கிலோக் கணக்கில் வெள்ளி. பூட்டு திறக்கவில்லை என்றால் கதவையே கழற்றி எறி என்பதா உதவி? பாதுகாப்பான சேவை என்று விளம்பரம் செய்கிற இடத்திலிருந்து இந்தப் பேச்சு வரலாமா?

இதே ஆட்கள்தான் எங்களை அவர்களுக்கு அடையாளம் காட்டும் கிளையன்ட் சான்றிதழை, ரகசியச் சாவியும் (பிரைவேட் கீ) சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பியவர்கள். கடவுச்சொல்லும் அதே மின்னஞ்சலில்! பிரைவேட் கீ எங்கள் கணினியில்தான் உருவாக வேண்டும், அதை விட்டு வெளியே போகவே கூடாது. நாங்கள் விண்ணப்பக் கோப்பை மட்டும் அனுப்புவோம், அவர்கள் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். கேட்டால் "எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான்" என்கிறார்கள். எல்லோருடைய சாவியும் இவர்களுடைய மெயில் பெட்டியில் கிடக்கிறது என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள் பாருங்கள்.

இப்போதைக்கு ஒவ்வொரு கடைக் கணினியிலும் இடைநிலைச் சான்றிதழைக் கையால், ஜாவா நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் கீஸ்டோரில் ஏற்றி வைத்திருக்கிறேன். இது நிற்காது. ஜாவாவை மாற்றி நிறுவினால் புதிய கீஸ்டோர் வந்துவிடும், நாம் ஏற்றியது அதில் இருக்காது. அவர்கள் வேறு இடைநிலைக்கு மாறினாலும் மறுபடி எல்லாம் படுத்துவிடும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். 2029 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு அதிகபட்சம் 47 நாள்தான். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் நான் லீ பஜாருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏற முடியுமா?

சர்வரில் முழுச் சங்கிலி உள்ள கோப்பை வையுங்கள். சான்றிதழ் வாங்கும்போதே அதையும் தருகிறார்கள், அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றுவதற்கு முன்னால் தேதியைச் சொல்லுங்கள், சோதனை சர்வரில் முதலில் போடுங்கள். என் புகார் இன்னும் உங்கள் மேசையில் திறந்தேதான் கிடக்கிறது, அதை 'வாடிக்கையாளர் தரப்புக் கோளாறு' என்று மூடிவிடாதீர்கள்.