இந்த வயசுல ஆட்டிசம் டெஸ்ட் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு

“வேலைக்குப் போற, கல்யாணம் ஆகி குழந்தையும் இருக்கு, இனிமே போய் ஆட்டிசம்னு பேப்பர் வாங்கி என்ன பண்ணப்போற?” அக்கறையிலதான் கேக்குறாங்க. ஆனா இத்தன வருஷம் எப்படி சமாளிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல. ஒரு கல்யாணத்துக்குப் போனா மேளச் சத்தம், ஃபோகஸ் லைட்டு, நாலு பக்கமும் பேச்சு, எல்லாத்துக்கும் நடுவுல சிரிச்ச முகமா நின்னு, இப்ப யார் கண்ண பாக்கணும் எவ்ளோ நேரம் பாக்கணும்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டே பேசிட்டு, அடுத்த நாள் பூரா இருட்டு ரூம்ல படுத்துக் கிடப்பேன். திமிர்னு சொன்னாங்க, டாக்டர் பதட்டம்னு சொல்லி மாத்திர கொடுத்தாரு, பதட்டம் இருந்தது நிஜம், அது எங்கிருந்து வருதுன்னு மட்டும் யாரும் பாக்கல.

அதனால நான் டெஸ்டுக்கு போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நிறைய பேர் ரெண்டு விஷயத்த போட்டு குழப்பிக்கிறாங்க. டயக்னோசிஸ், அதாவது ஆட்டிசம் இருக்கான்னு டாக்டர் பாத்து சொல்றது வேற, ஊனமுற்றோர் சான்றிதழ் வேற. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 குறைபாடுகள்ல ஆட்டிசமும் ஒண்ணு, சான்றிதழுக்கு ஐஎஸ்ஏஏன்னு 40 அம்சம் உள்ள ஒரு அளவுகோல் வச்சு பாப்பாங்க. சான்றிதழ் வேணாம்னா விண்ணப்பிக்கவே வேணாம், டாக்டர் ரிப்போர்ட் உங்க பீரோவுலயே இருக்கட்டும், ஆபீஸ்ல காட்டணும்னு கட்டாயம் இல்ல. ஆன்லைன்ல இருக்குற 50 கேள்வி டெஸ்ட்ட மட்டும் நம்பி முடிவுக்கு வராதீங்க, அது டாக்டர்கிட்ட போலாமா வேணாமான்னு யோசிக்கத்தான் உதவும்.

தள்ளிப் போடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணம் அம்மா. பெரியவங்களுக்கு பாக்குறப்பவும் சின்ன வயசுலயே அறிகுறி இருந்துச்சான்னு கேப்பாங்க, நம்ம மூணு வயசு நமக்கு எங்க ஞாபகம் இருக்கு? எங்கம்மாகிட்ட கேட்டேன். மிக்சி போட்டா காத பொத்திட்டு கொல்லைக்கு ஓடுவ, புளியங்கொட்டைய வரிசையா அடுக்கி வச்சிருப்ப, ஒண்ணு நகர்ந்தாலும் மூச்சு முட்ட அழுவன்னு சிரிச்சுட்டே சொன்னவங்க, திடீர்னு “நான் உன்ன சரியா வளக்கலன்னு சொல்றாங்களா”ன்னு கேட்டாங்க. இல்லம்மா, யாரும் உன்ன குத்தம் சொல்லலன்னு திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருந்துச்சு. வளர்ப்பால ஆட்டிசம் வராது, இத முதல்ல வீட்ல சொல்லிட்டு அப்புறம் கேள்விய ஆரம்பிங்க.

அம்மா இல்லன்னா பெரியம்மா, அத்தை, பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு எது கிடைச்சாலும் எடுத்து வைங்க. அப்பாயின்ட்மென்ட் போடுறப்பவே பெரியவங்கள பாத்து பழக்கம் உள்ளவங்களான்னு போன்ல கேட்டுடுங்க, குழந்தைங்கள மட்டும் பாக்குற இடம்னா வேற இடம் தேடுங்க.