வயலில் எரிகிற பசளை மூடை

காலபோகம் என்கிற மாரி நெல்லு வெட்டு முடிந்த கையோடு ஒரு பின்னேரம் கிளிநொச்சியில் பரந்தனில் இருந்து முரசுமோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டு மெசின் விட்டுப்போன வைக்கல் வரிவரியாக எரிந்துகொண்டிருக்கும். நானும் எரித்தவன்தான். நெருப்பு வைத்தால் உழவு லேசு, கலப்பையில் வைக்கல் சிக்காது. சும்மா ஒருவரும் எரிப்பதில்லை.

ஆனால் கணக்கு வேறு மாதிரி. ஒரு தொன் வைக்கலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் இருக்கின்றன. ஏக்கருக்கு இரண்டு தொன் வைக்கல் என்று வையுங்கள். பொற்றாசியம் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு மூடை எம்ஓபிக்கு, அதாவது கடையில் விற்கிற பொற்றாசியப் பசளைக்குச் சமம். நைதரசன் அரை மூடை யூரியா. எரித்தால் நைதரசன் அநேகமாக முழுதும் புகையோடு போய்விடும். பொற்றாசியம் சாம்பலில் தங்கும், ஆனால் காற்றும் மழையும் அள்ளியது போக மிஞ்சுவதுதான் வயலுக்கு. பிறகு அதே மூடையைக் கடையில் கடன் கொப்பியில் எழுதி வாங்குகிறோம்!

சேதனப் பசளை, அதாவது இரசாயனம் இல்லாத இயற்கைப் பசளை என்றாலே இப்போது சனத்துக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். இடையில் அடிபட்டது கமக்காரன். வருடக்கணக்காக யூரியா தின்று பழகிய மண் ஒரே போகத்தில் மாறாது. நானும் இன்றுவரை யூரியா போடுகிறவன். மூடையின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் என் கவலை.

போர் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வயல் பற்றைக்காடு. துப்புரவாக்கி மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்புழு. முதல் போகம் பசளை பெரிதாகப் போடாமலே நெல்லு நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இப்போது அதே துண்டில் வெயில் காலத்தில் மண் ஓடு மாதிரிக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் வரம்போடு ஓடுகிறது.

மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குப் புதிதா என்ன? அப்பா காலத்தில் வயலில் மாட்டுப்பட்டி அடைத்தார்கள், பச்சை இலை குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தார்கள். வன்னிக் காட்டுக் குழை லொறியில் ஏறி யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கும் போனது. இப்போது அதற்கு ‘மீளுருவாக்க வேளாண்மை’ என்று பெயர். சரி, பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பச்சை வைக்கலை உழுது ஒரு கிழமையில் விதைத்துவிட்டேன். பயிர் மஞ்சள் பூத்தது. வைக்கலை உக்க வைக்கிற நுண்ணுயிர்களே மண்ணில் இருந்த நைதரசனைப் பிடித்துவிட்டன. குறைந்தது இரண்டு மூன்று கிழமை விட வேண்டும். அதிலும் தண்ணீர் கட்டி உக்க வைத்தால் மீதேன் வாயு கூடுதலாகக் கிளம்பும். வெட்டு முடிந்து ஈரம் காயுமுன் உழுதுவிட்டால் இரண்டு தொல்லையும் குறைவு.

இந்தமுறை சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் போகத்துக்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் என் துண்டுக்கு வராது. அதனால் பயறு போடப் போகிறேன். அதன் வேர் முடிச்சு காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்து வைக்கும், காயை ஆய்ந்தபின் செடியை அப்படியே உழுதுவிடலாம்.

மற்றது, மேய்ச்சல் தரை இல்லாமல் அலைகிற மாட்டுக்காரர்களுக்கு: மற்றத் துண்டில் வைக்கல் கிடக்கிறது. வந்து ஏற்றுங்கள், காசு வேண்டாம். திரும்பி வரும்போது ஒரு பெட்டி எரு கொண்டுவந்து பறித்துவிட்டுப் போங்கள்.