சலுகை இருக்கட்டும், முதல் செலவு யாரு தலையில?

புதுசா ஒரு பெரிய கம்பெனி வருதுன்னு அறிவிப்பு வந்தா எல்லாரும் பாக்குறது ரெண்டே நம்பர்தான், எத்தன கோடி முதலீடு, எத்தன பேருக்கு வேலை. அந்த ரெண்டுமே கம்பெனி சொல்ற நம்பர். நான் கொஞ்ச நாளா மூணாவதா ஒண்ணத் தேடிட்டு இருக்கேன். கையெழுத்து போட்ட கையோட யாரு பாக்கெட்லேந்து காசு எறங்குது? இத யாரும் மேடையில சொல்ல மாட்டாங்க, ஒப்பந்தத்துல உள்ள போயி தேடணும்.

சலுகையே குடுக்கக் கூடாதுன்னு சொல்ற ஆளு இல்ல நான். வேலையே இல்லாம ஆளுங்க ஊரக் காலி பண்ணிட்டுப் போற இடத்துல பத்து வருஷம் வரி விட்டுக் குடுத்தாவது ஒரு ஃபேக்டரி வரட்டும்னு நெனைக்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா எப்படி குடுக்குறோம்னு ஒண்ணு இருக்குல்ல.

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல எல்சிடி திரை ஃபேக்டரி வைக்கிறேன்னு வந்த ஃபாக்ஸ்கான் கம்பெனி கதைய எடுத்துக்கங்க. 2017ல 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலைன்னாங்க. மாநில அரசு சுமார் 300 கோடி டாலருக்குச் சலுகை எழுதிக் குடுத்துச்சு. வகுத்துப் பாத்தா ஒரு வேலைக்கு 2.3 லட்சம் டாலர். போட்ட காசு திரும்பி வர 25 வருஷம் ஆகும்னு அந்த மாநிலத்தோட சொந்த நிதி அலுவலகமே கணக்கு போட்டுச் சொல்லிருச்சு, அதுவும் சொன்ன 13,000 பேரையும் வேலைக்கு எடுத்தா. அப்பவும் கையெழுத்தாச்சு. 2018 ஜூன்ல ஜனாதிபதி ட்ரம்ப், கவர்னர், கம்பெனி தலைவர் எல்லாரும் வரிசையா நின்னு தங்கக் கலர் மண்வெட்டியால மண்ணத் தள்ளுனாங்க, உலகத்தோட எட்டாவது அதிசயம்னு வேற ட்ரம்ப் சொன்னாரு. (மண்வெட்டிக்கு எதுக்குய்யா தங்கக் கலருன்னு யாராவது கேட்டிருக்கலாம்.)

முதல் வருஷம் 260 பேர எடுக்கணும்னு இருந்துச்சு, அதையே தொடல. 2021ல ஒப்பந்தத்தத் திருத்தி எழுதினாங்க, சலுகை 8 கோடி டாலர், வேலை 1,454ன்னு சுருங்கிப்போச்சு. இத வச்சு எல்லாரும் கவர்ன்மென்ட் ஏமாந்துருச்சுன்னு சிரிச்சாங்க. எனக்கென்னமோ மாநில அரசு அந்த வரிச்சலுகையில பெருசா ஏமாறலன்னுதான் தோணுது, ஏன்னா ஆள எடுத்துக் காட்டினாதான் காசுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்துச்சு, எடுக்கல, அதனால குடுக்கல, அவ்ளோதான். மாட்டிக்கிட்டது மவுண்ட் பிளசன்ட். அந்த ஃபேக்டரி வரப்போற ஊரு, மொத்த ஜனத்தொகை 26,000 சொச்சம். அந்த உள்ளாட்சியும் கவுண்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி) கடன் வாங்கி நிலத்த வாங்கி, ரோடு போட்டு, மிஷிகன் ஏரியிலேந்து தண்ணி கொண்டு வர்ற குழாய் வரைக்கும் ஏற்பாடு பண்ணுச்சு. நிலம் குடுக்க மறுத்தவங்க இருந்தாங்க, அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, கட்டாயமா எடுத்துக்க வசதியா அந்தப் பகுதியையே சீரழிஞ்ச பகுதின்னு தீர்மானம் போட்டாங்க. அதுல புதுசா கட்டின வீடும் அடக்கம், புல்லெல்லாம் வெட்டி அழகா வச்சிருந்த வீடு. பேப்பர்ல சீரழிஞ்சது. கம்பெனி சொன்ன வேலையக் காட்டுறதுக்குக் காத்திருக்காமலே இந்தச் செலவெல்லாம் நடந்துச்சு, பெரிய எல்சிடி ஃபேக்டரி வரவே இல்ல.

ஆனா அந்த ஊர முழுசா மூழ்காம காப்பாத்துனதும் ஒப்பந்தத்துல இருந்த ஒரே ஒரு வாசகம்தான். கட்டடம் கட்டினாலும் கட்டாட்டியும், 2023லேந்து அந்த நிலத்துக்குக் கொறஞ்சது 140 கோடி டாலர் மதிப்புன்னு வச்சு சொத்துவரி கட்டுறோம்னு கம்பெனி ஒத்துக்கிட்டிருந்துச்சு. அந்த வாசகத்த எழுதச் சொல்லி அடம்புடிச்ச வக்கீல் யாரோ, அவருக்குத்தான் செல வைக்கணும்.

இன்னொரு பக்கம், சலுகை குடுக்காட்டியும் வந்திருப்பாங்களாங்கிற கேள்வி. டிமோதி பார்ட்டிக்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் இதுலயே பல வருஷமா உக்காந்திருக்கார். சலுகை வாங்கின கம்பெனிங்கள்ல, அதாலதான் முடிவு மாறுச்சுன்னு சொல்லக்கூடியது நூத்துக்கு 2லேந்து 25 வரைக்கும்தான் இருக்கும்னு 2018ல அவரு எழுதினாரு. அப்ப நூத்துக்குக் கொறஞ்சது 75 கம்பெனி எப்படியும் வர்றவங்க, சும்மா கெடைக்கிறத ஏன் விடணும்னு வாங்கிக்கிறாங்க. கம்பெனியக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அமேசான் ரெண்டாவது தலைமையகம் தேடுனப்போ 238 ஊருலேந்து விண்ணப்பம் போச்சு. ஜார்ஜியா மாநிலத்துல ஒரு ஊரு 345 ஏக்கரப் பிரிச்சு அமேசான்னே பேரு வைக்கிறோம்னு சொன்னுச்சு, பொண்ணு குடுக்குறதோட பேரயும் மாத்திக்கிறோம்ங்கிற மாதிரி. நியூயார்க் 300 கோடி டாலர் கிட்ட சலுகை தர்றேன்னுச்சு, உள்ளூர்ல எதிர்ப்பு கெளம்புனதும் 2019 பிப்ரவரியில கம்பெனி பின்வாங்கிருச்சு. போச்சு 25,000 வேலைன்னு ஒரே ஒப்பாரி. அதே வருஷம் டிசம்பர்ல அதே நியூயார்க்ல 1,500 பேர் உக்கார்ற ஆபீஸ வாடகைக்கு எடுத்துச்சு, சலுகை எதுவும் இல்லாம. 25,000 எங்க 1,500 எங்க, அது சரிதான். ஆனா வேலை தெரிஞ்ச ஆளு அங்க இருக்கு, அதனால போனாங்க. வர்ஜீனியா அமேசானுக்கும் காசு குடுத்துச்சு, ஆனா ஆளு எடுத்தப்புறம்னு வச்சுக்கிட்டு, கூடவே கம்ப்யூட்டர் படிப்புல பெரிய தொகையப் போட்டுச்சு. நாளைக்கே கம்பெனி போயிட்டாலும் படிச்ச பசங்க இருப்பாங்க. எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாப் படுது.

கன்சாஸ், மிசௌரி ரெண்டும் பண்ண கூத்து தனி. ஒரே ரோடு, இந்தப் பக்கம் ஒரு மாநிலம் அந்தப் பக்கம் இன்னொண்ணு. கம்பெனிங்க சலுகைக்காக ரோட்டத் தாண்டி ஆபீஸ மாத்திட்டே இருந்துச்சு, ஆளுங்க அதே ஆளுங்க, வீடு அதே வீடு. ரெண்டு பக்கமும் புது வேலை உருவாக்குனதாக் கணக்கு! கடைசியில 2019ல ரெண்டு மாநிலமும் போதும்டா சாமின்னு நிறுத்திக்கிச்சு.

மவுண்ட் பிளசன்ட்ல இப்ப அந்த எடத்துல மைக்ரோசாப்ட் டேட்டா சென்டர் கட்டுது, 2024ல 330 கோடி டாலர்னு அறிவிச்சாங்க. போட்ட ரோடும் தண்ணியும் ஒரு வழியா பயன்படப் போகுதுன்னு அங்க நிம்மதி. ஆனா டேட்டா சென்டர்ல செலவே சர்வர் வாங்குறதுலதான், கட்டி முடிச்சப்புறம் உள்ள வேலை பாக்குற ஆளு கொஞ்சம்தான். அதுக்கு முந்தின வருஷமே மாநிலம் டேட்டா சென்டர் சாமானுக்கு விற்பனை வரிய விட்டுக் குடுத்துருச்சு.