எரேமியா 29ம் ஒரு பலாக்கன்னும்

டிசம்பர் 31 ராத்திரி சர்ச்ல வாட்ச்நைட் ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது வாசல்ல ஒரு கூடைல பைபிள் வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டை வச்சிருப்பாங்கல்ல, அதுல எனக்கு இதுவரைக்கும் மூணு தடவ எரேமியா 29:11 வந்திருக்கு. அதாங்க, கர்த்தர் நம்மளப் பத்தி வச்சிருக்கிற நினைவுகள் தீமைக்கு இல்லன்னு வருமே அந்த வசனம். ரோஜாப்பூ படத்துக்கு மேல மஞ்சள் எழுத்துல. மூணாவது தடவ வந்த வருஷம்தான் எனக்கு ஜவ்வாதுமலைல போஸ்டிங் போட்டாங்க.

நான் தூத்துக்குடி பக்கம். வீட்டுக்காரர் அங்க, பிள்ளை எங்கம்மாகிட்ட. போளூர்ல பஸ் ஏறி மலைல வளைஞ்சு வளைஞ்சு ஜமுனாமரத்தூர் போய் சேர்றதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி, ரூமுக்குப் போனா கரண்ட் இல்ல, அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். அம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஏட்டி, ஆண்டவர் உன்னைய அங்க ஒரு நோக்கத்தோடதாம்ட்டி வச்சிருக்காரு, அழாத." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனை கட் பண்ணிட்டேன்.

இப்பவும் அந்த வசனத்த அவ்வளவு சீக்கிரமா அடுத்தவங்ககிட்ட சொல்றது எனக்குப் பிடிக்காது. நம்பிக்கை இல்லாம இல்ல. சொல்றவங்க அவங்க சொந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு சொல்றாங்க, அதான்.

சரி விஷயத்துக்கு வர்றேன். நான் பிசிக்ஸ் டீச்சர். ஜாயின் பண்ண வாரத்துல லேப் பீரோவ தொறந்து ஸ்டாக் ரெஜிஸ்டர எடுத்தேன். அஞ்சு வருஷத்துல ஆறு பேர் கையெழுத்து. ஒருத்தங்க ஏழு மாசம், ஒருத்தங்க நாலு மாசம், நடுவுல ஒரு வருஷம் யாருமே இல்ல, அந்தப் பக்கத்துல வெறும் எலிப் புழுக்கை. மெல்லிசான பொருளோட தடிமன் அளக்கிற ஸ்க்ரூகேஜ் எல்லாம் வந்த டப்பாவுக்குள்ள எண்ணெய்ப் பேப்பர் பிரிக்காம அப்படியே இருக்கு. ப்ளஸ் டூ பையன் ஒருத்தன்கிட்ட குடுத்தேன், அதை வச்சு பென்சில் சீவுறதான்னு கேட்டான். சிரிச்சிட்டேன், அப்புறம் சிரிக்க முடியல.

ஏன்னா அந்த ஆறு பேரும் நான்தான். அவங்களும் அவங்கவங்க சாமிகிட்ட டிரான்ஸ்பருக்கு வேண்டியிருப்பாங்க, கிடைச்சிருக்கு, கிளம்பிட்டாங்க. எங்க சபைலயே எத்தனை சாட்சி கேட்டிருக்கேன், "ஊர்ப்பக்கமே டிரான்ஸ்பர் வாங்கித் தந்தார், ஸ்தோத்திரம்"னு, எல்லாரும் கை தட்டுவோம். அந்த சாட்சிக்கு இன்னொரு பக்கம் இருக்குன்னு, அந்தப் பக்கத்துல ஒரு காலி நாற்காலியும் எண்ணெய்ப் பேப்பர் பிரிக்காத ஸ்க்ரூகேஜும் இருக்குன்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் உறைக்கவே இல்ல. எங்க ஜெபம் கேட்கப்பட்டுச்சுன்னா, இந்தப் பிள்ளைங்களுக்காக யார் ஜெபம் பண்ணா?

அன்னைக்கு ராத்திரிதான் எரேமியா 29 முழுசா வாசிச்சேன். வெக்கமாத்தான் இருக்கு, 11ம் வசனம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அது பாபிலோனுக்குப் பிடிச்சிட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின லெட்டர். சொந்த ஊரு எருசலேம் எங்கயோ கிடக்கு, நேபுகாத்நேச்சார் ராஜா ஊர்ல அகதியா கிடக்கிறாங்க. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வந்து ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு சொல்றான், பாபிலோனுக்கு அடங்கி இருக்கணுங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல இருந்த மரநுகத்தைக்கூட எடுத்து உடைச்சிப் போடுறான். சத்தியமா சொல்றேன், அங்க இருந்திருந்தா நான் அனனியா பக்கம்தான் உக்காந்திருப்பேன். எரேமியா என்ன சொல்றாருன்னா எழுபது வருஷம். அது 10ம் வசனம், அட்டைல அச்சடிக்காத வசனம்! எழுபது வருஷம்னா லெட்டர் வாசிச்ச பாதிப் பேருக்கு மேல அங்கயே மண்ணுக்குள்ள போயிருப்பாங்க. அவங்களுக்குத்தான் வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதுல விளையறத சாப்பிடுங்க, உங்களப் பிடிச்சிட்டுப் போன அந்த ஊர் நல்லாருக்கணும்னு வேண்டிக்கோங்கன்னு சொல்லியிருக்கு. எதுக்குன்னு பெருசா விளக்கம் எதுவும் இல்ல. தோட்டம் போடு, அவ்வளவுதான்.

இங்க மலைல யாருக்கு பெரிய நோவு வந்தாலும் வேலூர் சிஎம்சிக்குத்தான் ஓடுவாங்க. அத ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை எங்க சண்டே ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒருக்கா வரும். 1870ல ராணிப்பேட்டைல பொறந்து, அமெரிக்கால படிச்சிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு திண்டிவனம் வந்தவங்க, இந்த ஊரே வேணாம்னு இருந்த பொண்ணு. ஒரே ராத்திரில மூணு பேர் வந்து பிரசவ வலில துடிக்கிற பொண்டாட்டியப் பாக்கக் கூப்பிடுறாங்க. எனக்கு வைத்தியம் தெரியாது, எங்கப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கங்கிறாங்க. ஆம்பள தொடக்கூடாதுன்னு திரும்பிப் போயிடுறாங்க. விடிஞ்சா மூணு பொண்ணும் செத்துப்போச்சு. அப்புறம் அவங்க போய் டாக்டருக்குப் படிச்சு, 1900ல திரும்பி வந்து வேலூர்ல ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சிஎம்சி.

"பாருங்க, தேவ திட்டம் எப்படின்னு" முடிப்பாங்க. நான் முன்னாடியெல்லாம் ஆமென் சொல்வேன். இப்ப சொல்ல முடியல. அந்த மூணு பொண்ணுங்களுக்கு என்ன திட்டம்? ஒரு ஆஸ்பத்திரி வரணும்னு ஆண்டவர் மூணு பேரைச் சாகவிட்டார்னா அப்படி ஒரு ஆண்டவர நான் கும்பிடல. ஐடாவுக்கு அந்த ராத்திரி ஒரு அழைப்பு, சரி, அத அவங்க சொல்லலாம். அந்தப் புருஷன்மார்கிட்ட போய் நாம சொல்ல முடியுமா? அடுத்தவங்க வேதனைக்கு நோக்கம் கண்டுபிடிச்சுக் குடுக்கிற வேலைய யாரும் நம்மகிட்ட குடுக்கல. அதுலயும் புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுகிட்ட "கர்த்தர் வச்ச இடத்துல பொறுமையா இரும்மா"ன்னு அனுப்பி வைக்கிறாங்க பாருங்க, அது சுத்தப் பாவம். ஒளிஞ்சு ஓடுன்னு ஆண்டவரே சொன்ன இடமும் பைபிள்ல இருக்கு. யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா பிள்ளை இயேசுவத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடல?

என் நம்பிக்கை இப்ப ரொம்பச் சின்னது. ஏன் இங்க வச்சார்னு எனக்குத் தெரியல, தெரியாமலே போனாலும் பரவால்ல. ஸ்க்ரூகேஜ எண்ணெய்ப் பேப்பர்லேருந்து பிரிச்சுட்டேன். பிள்ளைங்க முடிய அளந்து பாத்துச்சுங்க, யார் முடி தடிசுன்னு ஒரு வாரம் பெரிய சண்டை. ஒரு சனிக்கிழமை காவலூர் அப்சர்வேட்டரிக்கு கூட்டிட்டுப் போனேன். இதே மலைத்தொடர்தான், ஆனா அதுங்க யாரும் பாத்தது கிடையாது. அந்தப் பெரிய டெலஸ்கோப்புக்காக அத்தனை வருஷம் பாடுபட்ட விஞ்ஞானி வைணு பாப்பு 1982லயே இறந்துட்டார், அதுக்கு அவர் பேர் வச்சது 1986ல. இதச் சொன்னதும் ஒரு பொண்ணு "அய்யோ, பாக்காமலே போயிட்டாரா டீச்சர்"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

வந்த புதுசுல சத்துணவு ஆயா ஒரு பலாக்கன்னு கொண்டாந்து குடுத்துச்சு, "பின்னாடி நட்டு வையி டீச்சர்"ன்னு. காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டேன். அது ஆவும் ஆறேழு வருசம்னுச்சு. நான் ஒரு வருஷத்துல போயிடுவேன் ஆயான்னு அத பாத்ரூம் ஓரமா கவரோட வச்சேன், காஞ்சு போச்சு. ஆயா ஒண்ணும் சொல்லல. இந்த ஆடி மாசம் நானே போய் இன்னொரு கன்னு கேட்டேன். "இப்ப மட்டும் இருக்கப் போறியா?"ன்னு கேட்டுச்சு. தெரியல ஆயான்னேன்.

நட்டாச்சு. ஆடு மேயாம இருக்க சுத்தி முள்ளு வச்சிருக்கேன். அடுத்த டிரான்ஸ்பர் கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணத்தான் போறேன், பிள்ளை அடுத்த வருஷம் அஞ்சாம் கிளாஸ்.